60 வீட்டு மனைப்பிரிவில் பாதாளச் சாக்கடை போட மீட்டருக்கு எவ்வளவு ஆகும்?

60 வீடு, 300 மீட்டர் தெரு, எத்தனை இன்ச் குழாய், மீட்டருக்கு என்ன ரேட் என்று கேட்டிருக்கிறீர்கள். நாலைந்து மனைப்பிரிவுகளில் இந்த வேலை பார்த்தவன் நான். குழாய்க்கு ஆகும் செலவு கொஞ்சம்தான், காசெல்லாம் பள்ளத்தில்தான் போகும்.

வீட்டுக்கு 5 பேர், தலைக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 32,400 லிட்டர். எல்லோரும் குளிக்கும் காலை நேரத்துக்காக மூன்று மடங்கு போட்டாலும் விநாடிக்கு ஒரு லிட்டர் சொச்சம்தான். ஆறு இன்ச் குழாய் நூற்றுக்கு ஒன்று வாட்டத்தில், அதாவது 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவில், விநாடிக்கு 15 லிட்டர் வரை இழுக்கும். "எதுக்கும் எட்டு இன்ச்சா போட்டுடலாம் சார்" என்பார்கள். வேண்டாம்.

வாட்டத்தில்தான் சூட்சுமம். தரை சமமாக இருந்து 0.9 மீட்டர் ஆழத்தில் ஆரம்பித்தால், நூற்றுக்கு ஒன்று வாட்டத்தில் தெருக்கோடியில் 3.9 மீட்டர் ஆழம். 170-க்கு ஒன்று என்றால் 2.7 மீட்டரோடு முடியும். ஆனால் தெருவின் தலைப்பில் நாலு வீட்டுத் தண்ணீர்தான் ஓடும், அங்கே வாட்டம் குறைந்தால் அடைக்கும். அதனால் முதல் 60 மீட்டருக்கு நூற்றுக்கு ஒன்று, அப்புறம் 170-க்கு ஒன்று வைப்பேன். கடைசி ஆழம் 2.9 மீட்டர். இந்த மட்டம் நகராட்சி மேன்ஹோலின் (ஆளிறங்கு குழியின்) அடிமட்டத்துக்கு மேலே நிற்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முதலில் பாருங்கள். இல்லையென்றால் பம்ப் வைக்க வேண்டிவரும்.

எஸ்டிமேட்டில் 1.5 மீட்டர் வரை, 3 மீட்டர் வரை, அதற்கு மேல் என்று தோண்டும் வேலையைத் தனித்தனியாக எழுதி, பொதுப்பணித்துறை விலைப்பட்டியல் ரேட்டைப் போடுங்கள். ஆழம் கூடினால் மண் சரியாமல் பலகை அடிக்க வேண்டும், ஊற்று வந்தால் மோட்டார், பாறை வந்தால் பிரேக்கர். மேன்ஹோல் 30 மீட்டருக்கு ஒன்று, மொத்தம் 11. எல்லோரும் மறப்பது வீட்டு இணைப்பை: வீட்டுக்கு 6 மீட்டர் என்றாலே 360 மீட்டர், மெயின் லைனைவிட நீளம்! மீட்டருக்கு ஒற்றை ரேட் சொல்லும் கான்ட்ராக்டர் இதில் பாதியைப் பார்த்திருக்கவே மாட்டார்.

ஒரு இடத்தில் மண்ணை மூடிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது மேன்ஹோலில் டார்ச் அடிக்கச் சொல்லி, நான்காவதில் கண்ணாடி பிடித்தேன். முழு வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் பிறை மாதிரி தெரிந்தது. நடுவில் குழாய் இறங்கியிருந்தது. 30 மீட்டரையும் மறுபடி தோண்டினோம். நீங்கள் மூடுவதற்கு முன்பே கண்ணாடி பிடித்துவிடுங்கள்.

அப்புறம், மொட்டைமாடித் தண்ணீரை யாரும் இதில் திருப்பக் கூடாது என்று இப்போதே எழுதி வாங்குங்கள். மணிக்கு 5 சென்டிமீட்டர் மழையில் ஒரு 1,000 சதுர அடி மாடியிலிருந்து மட்டும் விநாடிக்கு 1.3 லிட்டர் இறங்கும். மேலே 60 வீட்டுக்கும் சேர்த்து நாம் போட்ட கணக்கே அவ்வளவு இல்லை.