செவலைக்கு எந்த இடம்?

கேள்வி: அக்கா, அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்கள் நாய் செவலைக்கு 13 வயது. மார்க்கெட் பக்கத்தில் கிடந்த குட்டியை என் மாமியார்தான் தூக்கிவந்து பேர் வைத்து வளர்த்தார். இப்போது சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. சில வாரங்கள்தான், ரொம்பத் துடித்தால் ஊசி போட்டுவிடலாம் என்கிறார் டாக்டர். எரித்து, சாம்பலை வீட்டிலேயே வைத்துக்கொள்ள எனக்கு ஆசை. கணவர் மாநகராட்சி வண்டியைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம் என்கிறார். மாமியாரோ, "எரிக்கவே கூடாது, சாம்பல் வீட்டுக்குள்ள வரக் கூடாது, கிருஷ்ணகிரியில நம்ம மாந்தோப்புலதான் புதைக்கணும்" என்று பிடிவாதம். ஒரு நாய்க்காக அவ்வளவு தூரம் போனால் ஊரில் சிரிக்க மாட்டார்களா? பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் புதைக்கச் சொல்கிறார். 10 வயது மகன், "எரிச்சா செவலைக்கு வலிக்குமா?" என்று கேட்கிறான். அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே இதையெல்லாம் பேசுவது பாவமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: அன்புத் தங்கைக்கு,

பாவம் இல்லை. இப்போது பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். ஜீவன்பீமா நகரில் இருந்தபோது எங்கள் நாய் மணி ஒரு நாள் விடியற்காலை இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தான். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ கொடுத்த நம்பருக்குப் போன் செய்தேன். விடிந்ததும் வண்டி வந்தது. இரண்டு பேர் ஒரு சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மகளை எழுப்பாமல் விட்டு, பிறகு பள்ளிக்கும் அனுப்பிவிட்டேன். சாயங்காலம் வந்தவள் கழுத்துப்பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "மணிய எங்க வச்சிருக்காங்கம்மா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அதனால் இந்த வாரமே பேசி முடியுங்கள். முதலில் உங்கள் மாமியாரிடம் பேசுங்கள்.

அவருடைய பிடிவாதத்தை நீங்கள் பழைய காலத்து மனசு என்று நினைக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. நம் பக்கத்துக் குடும்பங்களில் பெரியவர்களை எரிக்கிற வழக்கம் உள்ள வீட்டிலும் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். பச்சைப் பிள்ளைக்கு நெருப்பு ஆகாது என்பார்கள். "எரிக்கவே கூடாது" என்று அவர் சொல்வது அந்த மனசோடுதான் என்று நினைக்கிறேன். குட்டியாகத் தூக்கிவந்து பேர் வைத்தவர் அவர். செவலை அவருக்கு இந்த வீட்டின் குழந்தை. சாம்பல் வீட்டுக்குள் வரக் கூடாது என்பதும் வெறுப்பில் வந்த சொல் இல்லை. மனிதர்களின் அஸ்தியையே நாம் வீட்டுக்குள் வைப்பதில்லையே.

என் முடிவைக் கேட்டால், தோப்புதான். நீங்கள் இருப்பது வாடகை வீடு, நாளைக்கே மாற வேண்டி வரலாம். தோப்பு உங்களுடையது, அல்சூரிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். ஆனால் நிலம் இன்னும் பாகம் பிரிக்காததாக இருந்தால், கணவரின் அண்ணன் தம்பிகள் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். விற்கிற பேச்சு இருக்கிறதா என்றும் கேளுங்கள். விற்கப்போகிற நிலத்தில் புதைக்க வேண்டாம்.

ஏரிக்கரை வேண்டவே வேண்டாம். இருட்டில் அவசரமாகத் தோண்டினால் குழி ஒன்றரை அடிக்கு மேல் போகாது, தெருநாய்கள் கிளறிவிடும். ஏரித் தண்ணீருக்கும் கேடு.

உயிர் போன இரண்டு மூன்று மணி நேரத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கும், ஒரு நாளுக்கு மேலும் அப்படியே இருக்கும். அதற்கு முன்பே கால்களை மெல்ல மடக்கி, அது சுருண்டு தூங்குகிற மாதிரி கிடத்திவிடுங்கள். கண் மூடாமலே இருக்கலாம், சிறுநீர் கசியலாம். பழைய போர்வைக்கு அடியில் செய்தித்தாளை மடித்துப் போட்டுவையுங்கள். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் இப்போதே வைத்திருங்கள். துணியில் சுற்றி வயிற்றுப் பக்கம் வைத்தால் பயணம் முடியும்வரை தாங்கும். பாலித்தீனில் கட்டிப் புதைக்காதீர்கள், மண்ணோடு சேராது. மாமியாரின் பழைய நூல் புடவை ஒன்று போதும். உடம்புக்கு மேலே மூன்றடி மண்ணாவது இருக்க வேண்டும். கிணற்றிலிருந்தும், மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்திலிருந்தும் தள்ளி இடம் பாருங்கள். மரத்தை ஒட்டித் தோண்டினால் வேர் அறுபடும்.

ஊசி போட வேண்டி வந்தால் இன்னும் ஆழம் வேண்டும். கருணைக் கொலைக்குப் போடுகிற மயக்க மருந்து உடம்பில் வெகுநாள் தங்கும். நரியோ நாயோ தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து. ஐந்தடிக் குழியாக வெட்டி, மேலே ஒரு பெரிய கல்லைப் புரட்டி வையுங்கள்.

இப்போதே குழி வெட்டச் சொல்லாதீர்கள், உங்கள் மாமியார் மனசு தாங்காது. தோப்பைப் பார்த்துக்கொள்பவரிடம் விஷயத்தை மட்டும் சொல்லி வைத்தால் போதும்.

ஊர் சிரிக்கும் என்கிறீர்கள். கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில், ஒரு நாய்க்காக நட்ட ஆதகூர்க் கல் இருக்கிறது. 949-ல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் விழுந்த போர் நடந்ததே, அதில் எதிரணியில் நின்று போரிட்டவன் மணலேரன் என்ற வீரன். அவன் வீரத்தை மெச்சி, என்ன வேண்டும் என்று அவன் தலைவனான கங்க மன்னன் பூதுகன் கேட்டபோது, அவன் கேட்டு வாங்கியது காளி என்ற வேட்டைநாயை. பிறகு அந்தக் காளி ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. அதற்காகக் கோயில் முன் கல் நட்டு நிலமும் விட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால் பூசாரிக்குப் பாவம் என்றுகூட எழுதிவைத்திருக்கிறார்கள். கல்லில் நாயும் பன்றியும் மோதுகிற உருவம் இருக்கிறது. அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன், மணியை நினைத்துக்கொண்டு. இன்னும் நெருக்கமாக, திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எஜமான் விழுந்த இடத்தில் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற நாயின் பேர் கோவிவன் என்று அதில் வெட்டியிருக்கிறது. கிட்டத்தட்ட 1,400 ஆண்டுகள் ஆகின்றன. நம் பக்கத்து மண்ணுக்கு இது புதிதில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

உங்கள் கணவரைக் கல்மனசுக்காரர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சீக்கிரம் முடிந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்களில் பலர் தாங்க முடியாமல்தான் அப்படிச் சொல்கிறார்கள். வண்டி ஓட்டுகிற பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.

பையனிடம், "செத்த பிறகு உடம்புக்கு வலி தெரியாது, எரித்தாலும் புதைத்தாலும் வலிக்காது" என்று நேராகச் சொல்லுங்கள். "தூங்கிடுச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள், பிறகு ராத்திரி படுக்கவே பயப்படுவான். கூட வருகிறாயா என்று கேளுங்கள். வருகிறேன் என்றால் பள்ளிக்கு லீவு போட்டு அழைத்துப் போங்கள், மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். எழுப்பாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடைமழையோ, கிளம்ப முடியாத வேறு நெருக்கடியோ வந்துவிட்டால் சுமனஹள்ளியில் விலங்குகளுக்கான மின்தகன மேடை இருக்கிறது. கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வளாகத்தில் செல்லப்பிராணிகளுக்கான இடுகாடும் இருக்கிறது. இன்றைக்கே போன் போட்டு நேரம், கட்டணம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எரிப்பதானால் தனியாக எரிப்பார்களா, சாம்பல் திரும்பக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்க வேண்டும். புதைப்பதானால் அந்தக் குழி எத்தனை வருஷத்துக்கு என்று கேட்க வேண்டும். 20 கிலோ நாய்க்கு ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் சாம்பல் மிஞ்சும். வீட்டுக்கு வெளியே வைத்திருந்து அதையும் தோப்புக்கே கொண்டுபோங்கள். மாங்கன்றின் காலடியில் அப்படியே கொட்டினால் உப்பும் காரத்தன்மையும் வேரைக் கருக்கும். நிறைய மண்ணோடு கலந்து பரப்புங்கள்.

சாம்பல் கையில் இல்லையே என்று உங்களுக்கு மனசு கேட்காது. கழுத்துப்பட்டையைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கழுவ வேண்டாம், அதன் வாசனை கொஞ்ச நாளைக்கு இருக்கும்.

இன்று ராத்திரி செவலைக்குச் சோறு பிசையும்போது மாமியார் பக்கத்தில் உட்காருங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதெல்லாம் செவலை எந்த மரத்தடியில் படுத்தது, செந்தூராவா, நீலமா என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.