மார்கழிக்கு 29, ஆனிக்கு 32: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பாடப்புத்தகத்தில் நிலா பூமியைச் சுற்றிவர 27 நாள் ஆகிறது என்று இருக்கிறது. காலண்டரிலோ பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29 அல்லது 30 நாள் வருகிறது. எது சரி என்று அவள் கேட்கிறாள். எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. நம் மாதங்களில் மார்கழிக்கு 29 நாள், ஆனிக்கு 32 நாள் என்று ஏன் இத்தனை வேறுபாடு? ஒழுங்கே இல்லாத கணக்கு என்கிறார் என் கணவர். 2023-இல் ஆடி மாதத்தில் இரண்டு அமாவாசை வந்து, எதற்கு விரதம் இருப்பது என்று வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. ஒரே மாதத்தில் இரண்டு எப்படி வரும்?

எம்., கும்பகோணம்

அன்புள்ள எம்.,

புத்தகமும் சரி, காலண்டரும் சரி. இரண்டும் அளப்பது வேறு வேறு பயணங்களை. நிலா ஒரு நட்சத்திரத்தின் பக்கத்திலிருந்து கிளம்பி மறுபடியும் அதே நட்சத்திரத்திடம் வந்துசேர ஏறத்தாழ 27.3 நாள் ஆகிறது. பௌர்ணமி வேண்டுமென்றால் இது போதாது, நிலா சூரியனுக்கு நேர் எதிரே வந்து நிற்க வேண்டும். ஆனால் நிலா ஒரு சுற்றை முடிப்பதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் தன் பாதையில் ஏறத்தாழ 27 பாகை நகர்ந்துவிடுகிறது. நமக்குச் சூரியன் அந்த அளவு தள்ளிப்போனதாகத் தெரியும். நாளொன்றுக்கு 13 பாகை போல நகரும் நிலாவுக்கு அந்த இடைவெளியைக் கடக்க இன்னும் இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாக வேண்டும். 29.5 நாள் வருவது இப்படித்தான்.

மகளுக்கு இதைச் சொல்லித்தர நம் கோவில் விழாக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கார்த்திகை அன்று முழுநிலா கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை ஒட்டி நிற்கும். 27 நாள் கழித்து நிலா அதே கூட்டத்துக்குத் திரும்பிவிடும், ஆனால் அன்று அது முழுநிலா அல்ல. முழுமை பெற அது உரோகிணியையும் மிருகசீரிடத்தையும் கடந்து திருவாதிரை வரை போயாக வேண்டும். மார்கழித் திருவாதிரை அதுதான். அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு நட்சத்திரம் தள்ளித் தைப்பூசம். இன்னும் இரண்டு தள்ளி மாசி மகம். அதன்பின் பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம் என்று ஒவ்வொன்றும் இரண்டிரண்டு நட்சத்திரமாக முன்னேறும். ஆண்டுக்கு ஆண்டு ஒருநாள் முன்பின் ஆகலாம், வரிசை மாறாது. 27 நட்சத்திரங்களை 12 பௌர்ணமிகளுக்குப் பங்கிட்டால் இரண்டேகால் வரும் அல்லவா? அதனால் சில மாதங்களில் தாவல் மூன்றாக இருக்கும். கார்த்திகையிலிருந்து திருவாதிரைக்குப் போவது அப்படிப்பட்ட ஒரு மூன்று. இந்த விழா வரிசையை அவளையே விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். 27-க்கும் 29.5-க்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கே பிடிபட்டுவிடும்.

இனி உங்கள் கணவரின் குற்றச்சாட்டு. அதை நான் ஏற்கவே மாட்டேன். தமிழ் மாதம் நிலாவின் மாதம் அல்ல, சூரியனின் மாதம். சூரியன் ஒரு ராசியைக் கடக்க, அதாவது வானத்தில் 30 பாகை நகர, எவ்வளவு காலம் ஆகிறதோ அதுவே ஒரு மாதம். தூரம் எல்லா மாதத்துக்கும் ஒன்றுதான், வேகம்தான் ஒன்றல்ல. பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு 14.71 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, ஜூலைத் தொடக்கத்தில் 15.21 கோடி கிலோமீட்டரில். (அருகில் இருக்கும்போது நமக்குப் பனிக்காலமாக இருப்பதற்குக் காரணம் பூமியின் அச்சு சாய்ந்திருப்பது. அது தனிக் கதை.) நெருங்கியிருக்கும்போது பூமி விநாடிக்கு 30.3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, விலகியிருக்கும்போது 29.3. ஜனவரித் தொடக்கம் மார்கழியில் வருகிறது, ஜூலைத் தொடக்கம் ஆனியில். அதனால்தான் மார்கழி சீக்கிரம் முடிந்துவிடுகிறது, ஆனி நீள்கிறது.

பழைய பஞ்சாங்கக் கணக்கு மார்கழிக்கு 29 நாள் 20 நாழிகை 53 விநாடி தருகிறது, ஆனிக்கு 31 நாள் 36 நாழிகை 38 விநாடி. ஒரு நாழிகை நம் 24 நிமிடம், இங்கே விநாடி என்பது நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு. வித்தியாசம் இரண்டேகால் நாளுக்கு மேல்! சூரியனே பூமியைச் சுற்றுகிறது என்ற கொள்கையில் நின்று கணித்தவர்கள் இவர்கள். நீள்வட்டப் பாதையைக் கெப்ளர் 1609-இல்தான் வெளியிட்டார். ஆகவே நம் முன்னோருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் தெரியாத நிலையிலும் கண்டதைக் கண்டபடி கணக்கில் வைத்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். இயற்பியலாளர் மேகநாத சாஹா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1957-இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியும் வைசாகம் முதல் பாத்ரபதம் வரையிலான ஐந்து மாதங்களுக்கு 31 நாள் கொடுத்தது சூரியனின் இந்த மெதுநடைக்காகத்தான். பிப்ரவரிக்கு 28 என்பதற்கு வானத்தில் ஒரு காரணமும் கிடையாது, அது ரோமாபுரி விட்டுச்சென்ற ஏற்பாடு.

ஆடி விவகாரத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஆடியின் நீளம் ஏறத்தாழ 31.5 நாள், அமாவாசைக்கு அமாவாசை 29.5 நாள். ஆகவே மாதத்தின் முதல் இரண்டு நாளுக்குள் ஓர் அமாவாசை வந்துவிட்டால், மாதம் முடிவதற்குள் இன்னொன்றும் வந்துவிடும். 2023-இல் ஜூலை 17, ஆடி 1 அன்றே அமாவாசை. அடுத்தது ஆகஸ்ட் 16, அதாவது ஆடி 31. இடையில் ஒரு முழுச் சந்திரமாதம் ஆடிக்குள்ளேயே அடங்கிவிட்டது, அதற்குள் சூரியன் ராசி மாறவே இல்லை. நாம் இதை மலமாதம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். சந்திரனை வைத்து மாதம் எண்ணும் தெலுங்கரும் கன்னடரும் அதே 30 நாளை அதிக சிராவணம் என்று ஒரு கூடுதல் மாதமாகவே சேர்த்துக்கொண்டார்கள். 12 சந்திரமாதங்கள் சேர்ந்தால் 354 நாள்தான், ஆண்டுக்கு 11 நாள் குறைகிறது. சேர்ந்துபோகும் அந்தக் குறையை அவர்கள் இப்படி நிரவுகிறார்கள். நிரவாமல் விடுவது இஸ்லாமிய நாட்காட்டி. அதனால்தான் ரம்ஜான் ஆண்டுதோறும் 11 நாள் போல முன்னால் வந்துகொண்டே இருக்கிறது, வெயிலிலும் மழையிலும் பனியிலும் வருகிறது.

மார்கழியில் இந்தச் சிக்கல் எளிதில் நேராது, அதன் 29 நாள் 20 நாழிகைக்குள் 29.5 நாள் அடங்குவது கடினம். ஆனி, ஆடியில்தான் இடம் அதிகம். எந்த அமாவாசைக்கு விரதம் என்பதில் உங்கள் வீட்டு வழக்கத்தைப் பின்பற்றுங்கள். வானத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.