திணிவு எது, நிறை எது?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஈரோடு மாவட்டத்தில் ஒரு இலங்கை அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள். அங்கேயே கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகள். போன வருடம் குடும்பத்தோடு மன்னாருக்குத் திரும்பி வந்துவிட்டோம். அம்மாவின் காணி இருக்கிறது, அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்.

மகனுக்கு 13 வயது. அங்கே ஏழாம் வகுப்பில் முதல் ரேங்க். இங்கே தரம் 8இல் சேர்த்தோம். தவணைப் பரீட்சையில் 34 பேரில் 29ஆவதாக வந்திருக்கிறான். 'ஆக்சிஜன்', 'ஒளிச்சேர்க்கை' என்று எழுதியதற்கெல்லாம் தப்புப் போட்டிருக்கிறார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் ராஜராஜ சோழன் படையெடுத்து வந்த அந்நியராக இருக்கிறார். "எந்தப் புத்தகம்மா உண்மை?" என்று கேட்கிறான். பையன்கள் அவனை 'இந்தியா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். சின்னவள் பரவாயில்லை, இரண்டே மாதத்தில் "கதைக்கிறேன்", "விளங்குது" என்று மாறிவிட்டாள். இவன்தான் "திரும்பிப் போயிடலாம்மா" என்கிறான்.

அம்மா ஊர், ஊர் என்று சொல்லி வளர்த்ததால் வந்தேன். எனக்கு இது ஊர்தானா என்று இன்னும் தெரியவில்லை. நன்றாகப் படித்த பிள்ளையின் படிப்பை நானே கெடுத்துவிட்டேனா அக்கா? பெயர் போட வேண்டாம்.

— ஒரு வாசகி, மன்னார்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கெடுக்கவில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. உங்கள் மகனுக்குத் தெரிந்த விஞ்ஞானம் எங்கேயும் போய்விடவில்லை. அது வேறு சொற்களில் அவனிடம் இருக்கிறது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள்தான்.

1990இல் கைக்குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா இந்தியாவுக்குப் படகேறினார். முதலில் மண்டபம் அகதி முகாம், பிறகு வேறொரு முகாம். 2003இல், சமாதானக் காலத்தில், சென்னையிலிருந்து கொழும்பு வந்து, அங்கிருந்து மதவாச்சி வழியாக பஸ்ஸில் மன்னாருக்கு வந்தோம். எனக்கு 14 வயது. தரம் 9இல் சேர்த்தார்கள். வந்த இரண்டாவது வாரம் விஞ்ஞானப் பாடத்தில் ஆசிரியர் "திணிவு எண்டா என்ன?" என்று கேட்டார். அப்படியொரு சொல்லை நான் கேள்விப்பட்டதே இல்லை, தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்து "அப்ப நிறை எண்டா?" என்றார். அது எனக்குத் தெரியும்! துள்ளி எழுந்து, "ஒரு பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு நிறை" என்று தமிழ்நாட்டுப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. "அதுதான் பிள்ளை திணிவு. நிறை எண்டா புவியீர்ப்பு இழுக்கிற விசை, இருங்க" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவள், பிறகு ஒரு தவணை முழுவதும் வகுப்பில் எழும்பவே இல்லை.

நான் சொன்னது பிழையும் இல்லை. தமிழ்நாட்டில் நிறை, எடை என்று இரண்டு. இங்கே அதையே திணிவு, நிறை என்கிறார்கள். அங்கே எதை நிறை என்கிறார்களோ அது இங்கே திணிவு. இங்கே நிறை என்றால் அங்கே எடை. புதுச்சொல் என்றால் கூடப் பரவாயில்லை, பாடமாக்கிவிடலாம். தெரிந்த சொல் வேறு பொருளோடு வரும்போதுதான் பிள்ளை விழுந்துபோகிறது. வேகமும் அப்படித்தான். அங்கே வேகம், திசைவேகம். இங்கே கதி, வேகம். உங்கள் மகன் தரம் 10க்குப் போகும்போது இந்த இரண்டு இடத்திலும் கட்டாயம் இடறுவான், இப்போதே சொல்லி வையுங்கள்.

என்னைத் தூக்கி நிறுத்தியது என் பெரியம்மா. இடம்பெயர்வுக்கு முன்னால் உயர்தரம் விஞ்ஞானம் படித்தவர், பரீட்சை எழுதக் கிடைக்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் எண்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, நடுவில் அடிமட்டத்தால் கோடு போட்டார். (நான் அதை 'ஸ்கேல்' என்றுதான் சொல்வேன், முதல் சொல்லாக அதையே எழுதினோம்.) இங்கத்தைய புத்தகத்தை அவர் உரக்க வாசிப்பார். விளங்காத சொல் வந்தால் நான் நிறுத்துவேன். அவர் அதை விளக்கிச் சொல்ல, "ஓ, அதுவா!" என்று நான் அங்கத்தைய பேரைச் சொல்வேன். இடப்பக்கம் ஒளிச்சேர்க்கை, வலப்பக்கம் ஒளித்தொகுப்பு. தனிமம் – மூலகம். சேர்மம் – சேர்வை. முடுக்கம் – ஆர்முடுகல். அழுத்தம் – அமுக்கம். இயற்கணிதம் – அட்சரகணிதம். கார்பன் டை ஆக்சைடு – காபனீரொட்சைட்டு, அதைப் பிழையில்லாமல் சொல்ல எனக்கு ஒரு கிழமை எடுத்தது. நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை என்பது அந்தக் கொப்பி நிரம்ப நிரம்பத்தான் எனக்கே தெரிந்தது. இடப்பக்கம் முழுக்க நான் சொன்னவை அல்லவா?

உங்கள் மகனோடு இதைச் செய்யுங்கள். அவன் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். நீங்களும் அங்கே படித்தவர்தானே, உங்களுக்கும் பாதி ஞாபகம் வரும். பழைய புத்தகம் கையில் இல்லையென்றாலும் கவலையில்லை: தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இங்கே கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போனில் இறக்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அப்புறம் அந்தக் கொப்பியை விஞ்ஞான ஆசிரியரிடம் ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டுங்கள். சண்டைக்கு வேண்டாம். இப்படி ஒரு பிள்ளை இருக்கிறான், விஷயம் தெரிகிறது, பேர் மட்டும் மாறுகிறது என்று சொன்னால் பெரும்பாலான ஆசிரியர்கள் விளங்கிக்கொள்வார்கள். ஆனாலும் தரம் 11 முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சையில் விடை திருத்துகிறவருக்கு உங்கள் மகனின் கதை தெரியாது. அந்தப் பரீட்சையில் ஆக்சிஜனை ஒட்சிசன் என்றுதான் எழுத வேண்டும். அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, தாராளம்.

ராஜராஜனைப் பற்றி அவன் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. அதை அதட்டி அடக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. இரண்டு புத்தகமும் ஒரே சம்பவத்தைத்தான் சொல்கின்றன. 993 அளவில் ராஜராஜனின் படை அனுராதபுரத்தைப் பிடித்தது. 1017இல் ராஜேந்திரன் காலத்தில் சிங்கள அரசர் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டார். பொலன்னறுவையிலிருந்து சோழர் ஆண்டார்கள். 1070இல் சிங்கள அரசர் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினார். தஞ்சாவூரில் நின்று பார்த்தால் அது வெற்றி, அனுராதபுரத்தில் நின்று பார்த்தால் ஊர் எரிந்த கதை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். வீடு எரிந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, உங்களுக்கும் எனக்கும் விளங்குவதைவிட நன்றாகவே விளங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் திருக்கேதீச்சரத்துக்குக் கூட்டிப்போங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தத் தலம் இருக்கிற மாதோட்டத்துக்குச் சோழர் கல்வெட்டில் ராஜராஜபுரம் என்று பேர். ராஜராஜன் எங்கேயோ தொலைவில் இல்லை, இந்த மண்ணிலும் பேர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று காட்டுங்கள். மற்றபடி பரீட்சையில் இங்கத்தைய புத்தகத்தில் உள்ளதை எழுதட்டும்.

பேச்சுக்கு வருகிறேன். சின்னவள் மாறிவிட்டாள் என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். ஏழெட்டு வயதுக்கு முன் அது தானாக நடக்கும். பதின்மூன்று வயதில் அப்படி இல்லை, தன் வாயிலிருந்து வருவதைத் தானே கேட்கிற வயது அது. நான் வந்த புதிதில் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மம்மாவிடம், "டீச்சர் இன்னைக்கு என்கிட்ட ரொம்ப நேரம் பேசினாங்க" என்றேன், சந்தோஷமாக. அம்மம்மாவின் முகம் வாடிவிட்டது. "ஏன் பிள்ளை பேசினவ, நீ என்ன செய்தனி?" இங்கே பேசுவது என்றால் ஏசுவது, கதைப்பதுதான் பேசுவது. அதை விளங்கிக்கொண்ட பிறகு நான் வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் மாற்றிப் பார்க்கத் தொடங்கினேன். அப்படிச் செய்கிற பிள்ளை வகுப்பில் கை உயர்த்தாது. மாற்றி முடிப்பதற்குள் வேறு யாராவது பதிலைச் சொல்லிவிடுவார்கள். அதனால் வீட்டிலாவது அவனைத் திருத்தாதீர்கள். 'புரியுது' என்றால் புரியுது என்றே இருக்கட்டும். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

'இந்தியா' என்ற பட்டப்பேர் நோகும்தான், எனக்கும் நொந்தது. பள்ளிக்கூட அதிபரிடம் போய் முறையிடுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: அவன் பந்து அடிப்பானா? மன்னாரில் உதைபந்தாட்டம் எப்படி என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பின்னேரத்தில் மைதானத்துக்கு விடுங்கள். அங்கே கால்பந்து என்று சொன்னாலும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் கேலி அடிதடி வரைக்கும் போகிறது, பை கிழிகிறது, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான் என்றால் உடனே வகுப்பாசிரியரிடம் போங்கள், தாமதிக்க வேண்டாம்.

சிங்களமும் சமயமும் புதுப் பாடங்கள் என்பதால் பயப்படாதீர்கள். சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம், ஆனால் வாசித்தால் வருகிற பாடம். இரண்டாம் மொழிச் சிங்களம் அந்தப் பரீட்சையில் விருப்பப் பாடங்களில் ஒன்றுதான். பரீட்சைக்காக இல்லாவிட்டாலும் எழுத்தைப் படிக்கட்டும். கந்தோர்களில், அதாவது அரச அலுவலகங்களில், நான் பட்ட பாட்டை அவன் படக் கூடாது.

கந்தோர் என்றதும் ஞாபகம் வருகிறது, இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைகள் இந்தியாவில் பிறந்தவர்கள். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் இங்கே போதாது, இலங்கைக் குடியுரிமைப் பதிவு வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் முடித்துக்கொண்டு வந்திருந்தால் அந்தச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். முடிக்காமல் வந்திருந்தால் உங்கள் பிரதேச செயலகத்தில் கேட்டு, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பியுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்பார்கள், குடியுரிமைப் பதிவு இல்லாமல் அடையாள அட்டை இல்லை. என்னோடு படித்த ஒரு பிள்ளை, இதே முகாம் கதை, தரம் 11இல் கடைசி நேரத்தில் கந்தோர் கந்தோராக அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். படிக்க வேண்டிய இரண்டு மாதம் அதிலேயே போனது. அங்கே தந்த மாற்றுச் சான்றிதழின் மூலப் பிரதியையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். இங்கே அதை விடுகைப் பத்திரம் என்று கேட்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

இவ்வளவும் மகனைப் பற்றி. நீங்கள் உங்களைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருந்தீர்கள், எனக்கு அந்த இரண்டு வரிதான் மனதில் நிற்கிறது.

என் அம்மா பதின்மூன்று வருடம் ஊருக்குப் போக வேண்டும் என்று அழுதார். வந்து ஆறு மாதம் கழித்து ஒரு நாள் பின்னேரம் முற்றத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தார். என்ன என்று கேட்டால், "சத்தமே இல்லையே பிள்ளை" என்றார். முகாமில் ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் நாங்கள், அந்தப்பக்கம் இன்னொரு குடும்பம். அவர்கள் வீட்டில் தாளிப்பது எங்கள் மூக்கில் ஏறும். தண்ணீர் லாரி வந்தால் முழு வரிசையும் குடத்தோடு ஓடும். அந்த நெரிசலை அம்மா வருடக்கணக்காகத் திட்டியவர். இங்கே அரை ஏக்கர் காணி, சுற்றி வேலி, ஆறு மணிக்கு மேல் நாய் குரைப்பது மட்டும். ஊருக்கு வந்தது பிழை என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை, ஆனால் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாதம் ஒரு கடிதம் போட்டார். உங்களுக்கு அங்கே அப்படி யாராவது இருந்தால் போனில் கூப்பிட்டுக் கதையுங்கள். மகனும் பழைய சிநேகிதர்களோடு கதைக்கட்டும், அது இங்கே ஒட்டாமல் போவதற்குக் காரணமாகாது. அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு அதுவும் ஊர்தான். அதை நினைத்து ஏங்குவதற்கு நீங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

திரும்பிப் போவதைப் பற்றி மகன் கேட்டால் 'வாயை மூடு' என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த வருடம் முடியட்டும், பிறகு இருந்து கதைப்போம் என்று சொல்லி, சொன்னபடி கதையுங்கள். நான் 2005 டிசம்பரில் சாதாரண தரம் எழுதினேன். விஞ்ஞானத்தில் திறமைச் சித்தி. அந்தத் திணிவு–நிறைக் கணக்கும் பரீட்சைத் தாளில் வந்திருந்தது, சரியாகச் செய்தேன்.

பெரியம்மாவின் அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. பக்கங்களைப் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். ஆனால் இடப்பக்கம் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுப் புத்தகம். அதன் பிறகு அங்கே பாடத்திட்டமே மாறிவிட்டது, சில சொற்களை உங்கள் மகன் பார்த்தே இருக்க மாட்டான். அவற்றை அவன் வெட்டிவிட்டு, இப்போதைய சொல்லை எழுதட்டும். முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். திரும்பி வந்த வேறு தாய்மார்களும் இதே கேள்வியோடு எனக்கு எழுதுகிறார்கள், அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் புதுப் பட்டியல் இல்லை.

அன்புடன்,
அக்கா