நாலு மேலட் பிடிக்க வராத பொண்ணுக்கு எந்த கான்செர்ட்டோ?

சார், வணக்கம். நான் பெரம்பூர்ல மியூசிக் டீச்சர். என்கிட்ட ஒரு பொண்ணு, எட்டாங்கிளாஸ், சின்ன வயசுலேர்ந்து மிருதங்கம், இப்ப ரெண்டு வருஷமா மாரிம்பா (வரிசையா இருக்கற மரக்கட்டையை குச்சியால தட்டி வாசிக்கறது). யூட்யூப்ல பிரெஞ்சு கம்போசர் செஜூர்னேயோட மாரிம்பா கான்செர்ட்டோவை (ஒரு வாத்தியம் முன்னாடி, ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கற உருப்படி) பாத்துட்டு அதான் வேணும்னு நிக்கறா. எங்ககிட்ட இருக்கறது நாலு ஆக்டேவ் (ஸ்தாயி) மாரிம்பா. அவளுக்கு கை சின்னது, கைக்கு ரெண்டு மேலட் (தட்டற குச்சி) குடுத்தா பத்து நிமிஷத்துல மணிக்கட்டு வலிக்குதுங்கறா. நொட்டேஷன் படிக்க திணறுவா, ஆனா ரெண்டு தடவை கேட்டா மனப்பாடம். ஜனவரில ஆனுவல் டே. அதையே சுலபமாக்கி எழுதிக் குடுத்துடவா?

ஆர்., பெரம்பூர்

வணக்கம் ஆர்.,

வேண்டாம். செஜூர்னே 2005ல அதை எழுதினது அஞ்சு ஆக்டேவ் வாத்தியத்துக்கு, கீழ்ப்பக்கம் ஒரு முழு ஆக்டேவ் உங்க மாரிம்பாலயே கிடையாது, நாலு மேலட் இல்லாம அதுல ஒண்ணும் நடக்கவும் நடக்காது. நீங்க கீழ இருக்கறதை மேல தூக்கி, நாலை ரெண்டாக்கி குடுத்தீங்கன்னா, அவ்ளோ நல்ல காது இருக்கற பொண்ணு முதல் நாளே கண்டுபிடிச்சிடுவா.

ரெண்டு மேலட்டுக்குன்னே எழுதினதை குடுங்களேன். அமெரிக்க கம்போசர் பால் கிரெஸ்டனோட மாரிம்பா கான்செர்ட்டினோ (சின்ன கான்செர்ட்டோ), 1940. நியூயார்க்ல பெண்களே வாசிச்ச ஒரு ஆர்கெஸ்ட்ராவோட கண்டக்டரம்மா கேட்டு, ரூத் ஸ்டூபர் வாசிக்கறதுக்காக எழுதினது (இதை அவகிட்ட சொல்லுங்க, செஜூர்னே மோகம் கொஞ்சம் இறங்கும்). நாலு ஆக்டேவ்லயே முடிஞ்சிடும். மூணு மூவ்மெண்ட்ல (பகுதில) நடுவுல இருக்கற ஸ்லோ மூவ்மெண்ட்டுக்குத்தான் நாலு மேலட் வேணும், அதை விட்டுடுங்க, முதல் மூவ்மெண்ட் மட்டும் போதும். கிரெஸ்டன் ரிதத்தைப் பத்தி தனியா ஒரு புத்தகமே போட்ட ஆளு, அதனால முதல்ல வாயால சொல்லிக்காட்ட சொல்லுங்க, கை அப்புறம்.

கஷ்டம் வரப்போறது வேற இடத்துல. மிருதங்கத்துல வலந்தலைக்கு ஒரு வேலை, தொப்பிக்கு ஒரு வேலை, கை அப்படியே பழகியிருக்கும். மாரிம்பால ரெண்டு கையும் ஒரே கனத்துல விழணும், இல்லன்னா ஒண்ணு விட்டு ஒரு நோட்டு முழுங்கின மாதிரி கேக்கும். தினம் ஸ்கேலை இடது கைல ஆரம்பிச்சு வாசிக்க சொல்லுங்க. இன்னொண்ணு, மரக்கட்டையை கயிறு போற இடத்துல அடிச்சா சத்தம் செத்துடும், உயரம் கம்மியான பிள்ளைங்க பின்வரிசைக்கு எட்டாம அங்கதான் அடிக்கும். ஸ்டாண்டை இறக்க முடியலன்னா காலுக்கடில ஒரு பலகை போடுங்க.

கிரெஸ்டன் கனமா தெரிஞ்சா பாக்கோட ஏ மைனர் வயலின் கான்செர்ட்டோ முதல் மூவ்மெண்ட், ரெண்டு மேலட்டுக்கு நல்லாவே பொருந்தும், நீளமான நோட்டுல மட்டும் ரோல் பண்றதா (அதே கட்டையை விடாம வேகமா தட்டறது) விடறதான்னு உக்காந்து முடிவு பண்ணணும். பிரேசில்காரர் ரொசாவ்ரோவோட 1986 மாரிம்பா கான்செர்ட்டோ நாலு மேலட், கை வளரட்டும் பாக்கலாம். வலி இருக்கறவரைக்கும் நாலு மேலட் பேச்சே வேண்டாம், ரெண்டுலயும் வலிச்சா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

காதால கத்துக்கற பிள்ளைங்க தன் பார்ட்டை கரெக்டா வாசிச்சிட்டு ரெஸ்ட்ல (தான் வாசிக்காம எண்ணிக்கிட்டு நிக்கற இடத்துல) தொலைஞ்சு போகும், அதனால பியானோவோட ஆரம்பத்துலேர்ந்தே பழகணும். ஆர்கெஸ்ட்ரா பார்ட்டை பியானோவுக்கு சுருக்கினது கடைல கிடைக்குது. பியானிஸ்ட்டை இப்பவே பேசி வெச்சுக்கோங்க, டிசம்பர் வந்தா சென்னைல பாதி பேர் கேரல்ஸுக்கு போயிடுவாங்க.