மாடல் விமானத்தின் மூக்கைத் தூக்கினாலே இன்ஜின் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரை மாற்ற வேண்டுமா?

மாற்றாதீர்கள். நான் மாற்றினேன். பணமும் போனது, கோளாறும் அப்படியே இருந்தது.

உங்களுடையது 40 அல்லது 46 அளவு (0.40, 0.46 கன அங்குலம்) குளோ இன்ஜின், அதாவது மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் சின்ன இன்ஜின் என்று வைத்துக்கொள்கிறேன். டேங்க் நிறைந்திருக்கும்போது நன்றாக ஓடி, பாதி தீர்ந்ததும் மக்கர் செய்கிறது. சரிதானே?

எனக்கு இது நடந்தது சேலத்தில், ஆட்டையாம்பட்டிப் பக்கம் வறண்டு கிடந்த ஓர் ஏரியில். ஐந்து நிமிடம் அருமையாகப் பறந்தது. அப்புறம் செங்குத்தாக ஏற்றினேன். இன்ஜின் ஒரு நொடி கீச்சென்று வேகமெடுத்து அப்படியே அணைந்தது. வேலிக்கருவையில் விழுந்து இடது இறக்கை கிழிந்தது. கடைக்காரர் சொன்னார் என்று புது கார்புரேட்டர் வாங்கி மாட்டினேன். அடுத்த வாரமும் அதே கதை.

அன்று இரவு டேங்கைத் திறந்து, உள்ளே எரிபொருளை உறிஞ்சும் சிலிக்கான் குழாயைப் பித்தளைக் குழாயோடு வெளியே எடுத்தேன். ஒரு முனையை விரலால் அடைத்துத் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் சிரிஞ்சால் காற்றை ஏற்றினேன். (வாயால் ஊதவே ஊதாதீர்கள், மெத்தனால் விஷம்.) பித்தளைமேல் குழாய் ஏறும் இடத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு குமிழி வந்தது. பின்னாலேயே இன்னொன்று. பித்தளையை வெட்டிய முனையில் இருந்த பிசிறு குழாயைக் கிழித்திருக்கிறது. டேங்க் நிறைந்திருந்தால் அந்த ஓட்டை எரிபொருளில் முழுகியிருக்கும். குறைந்தபின் மூக்கைத் தூக்கினால் எரிபொருள் பின்னால் போய்விடும், ஓட்டை வழியாக இன்ஜின் காற்றைத்தான் உறிஞ்சும்.

அதனால் முனையை அரத்தால் மழமழவென்று தேய்த்துவிட்டுப் புதுக் குழாய் போடுங்கள். அதன் நுனியில் இருக்கும் எடை, டேங்கை எப்படிக் கவிழ்த்தாலும் தாராளமாக ஆட வேண்டும், பின்சுவரில் உரசக் கூடாது. டேங்கின் நடுக்கோடு ஊசி வால்வு (எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) மட்டத்திலோ ஒரு சென்டிமீட்டர் கீழேயோ இருக்கட்டும். அதிர்வில் நுரைக்காமல் இருக்கச் சுற்றிலும் ஸ்பாஞ்ச் வையுங்கள்.

பெட்ரோல் இன்ஜின்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உங்களுக்குச் சிலிக்கான் குழாய் ஆகாது, ஊறிக் கெட்டுவிடும் என்று எனக்கும் தெரியும். ஊசியைத் திருகினாலே போதும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு. சேலத்தில் சரிசெய்த ஊசியை அங்கே கொஞ்சம் உள்ளே திருக வேண்டும், இறங்கியதும் மறக்காமல் திறக்க வேண்டும். ஊசிக்கு வேலை அவ்வளவுதான், ஓட்டையை அது அடைக்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த ஏரியில் இப்போது விமானத்தை இறக்க இடமில்லை. ராத்திரியில் குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள். போன ஞாயிறு ஒரு மணி நேரம் கண்ணாடி பொறுக்கிய பிறகுதான் பறக்கவிட்டோம். ஆடு மேய்க்க வரும் அம்மாவுக்கும் காலில் குத்திச் சீழ் வைத்துவிட்டது. யாரிடம் சொன்னாலும், "ட்ரோன் விடுறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்கிறார்கள். அந்த அம்மா எந்த ட்ரோன் விட்டார்?

நீங்கள் இன்று இரவே குழாயை முக்கிப் பாருங்கள்.