அஃபிலியேட் லிங்க்கில் பணம் எப்படி வருகிறது?

நம் தளத்தில் ஒரு பொருளைப் பற்றி எழுதி, விற்கும் கடைக்கு லிங்க் கொடுக்கிறோம், அந்த வழியாகப் போனவர் வாங்கினால் கடை நமக்குக் கமிஷன் தருகிறது, இதுதான் அஃபிலியேட் மார்க்கெட்டிங். சரி, அவர் நம்மிடமிருந்து வந்தார் என்று கடைக்கு எப்படித் தெரியும்? அமேசான் லிங்க்கைக் கூர்ந்து பாருங்கள், உள்ளே 'டேக்' என்று போட்டு நம் அடையாளக் குறி இருக்கும். க்ளிக் செய்ததிலிருந்து பொதுவாக 24 மணி நேரம் அது கணக்கில் நிற்கும். மிக்ஸி பார்க்கப் போனவர் செருப்பு வாங்கினாலும் பெரும்பாலும் நமக்குக் கமிஷன் உண்டு. வெளியூர்க்காரரை லாட்ஜில் கொண்டுபோய் இறக்கும் ஆட்டோக்காரர் மாதிரிதான், அவர் அறை எடுத்தால்தான் காசு. விற்ற பிறகு கொடுத்தால் போதும் என்பதால் கடைக்கும் இது லாபம். நீங்களே பயன்படுத்திப் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், கமிஷன் வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்புறம், இந்த லிங்க்கில் வாங்கினால் விலை கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கமிஷன் கடையின் பங்கிலிருந்து போகிறது, வாங்குபவருக்கு அதே விலைதான்.