லேசர் குறுக்கீட்டுமானிக்கு ரப்பர் போதுமா?

காட்பாடி ரயில் அதிர்வில் கல்லூரி லேபின் குறுக்கீட்டுமானியில் (லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்த்து நுண்ணிய நீள மாற்றத்தை அளக்கும் கருவி) தெரியும் ஒளி-இருள் பட்டைகள் ஆடுகின்றன, அடியில் ரப்பர் வைக்கலாமா, ஈர்ப்பலைகளைக் கண்டறியும் லைகோவிலும் (LIGO) அப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேசைச் சோதனைக்கு வைக்கலாம். கருவியை ஏற்றிய கல் பலகையின் எடையில் ரப்பர் 5 மி.மீ. அமுங்கினால் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம்) சுமார் 7 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 7 ஆட்டம். 10 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அதிர்வு குறையும். 7க்கு அருகே கூடவே செய்யும். பாதி காற்றடித்த சைக்கிள் டியூப் இன்னும் நல்லது.

லைகோவில் 4 கி.மீ. நீள ஒளிப்பாதையில் (கை) அளப்பது 10⁻¹⁸ மீட்டர் அளவு மாற்றம். வளைந்து நிமிரும்போது அதிக ஆற்றலை வெப்பமாக இழக்கும் பொருள், தன் வெப்பத்தாலேயே அதிகம் நடுங்கும். ரப்பரில் அந்த இழப்பு மிக அதிகம். வெற்றிடத்தில் வாயுவும் விடும். அதனால் லேசரைத் திருப்பி அனுப்பும் 40 கிலோ கண்ணாடியை, அந்த இழப்பு மிகக் குறைந்த சிலிக்காவில் செய்த, 0.4 மி.மீ. தடிமனுள்ள நான்கு இழைகளில் தொங்கவிடுகிறார்கள். இழையில் விரல் பட்டாலே நுண்கீறல் விழுந்து அறுந்துபோகலாம். 100 ஹெர்ட்ஸ் அருகே இன்னும் தொல்லை தருவது கண்ணாடிமேல் உள்ள, ஒளியை எதிரொளிக்கும் பூச்சில் நிகழும் இதே ஆற்றல் இழப்பு.